கிழிந்த சி.வி. பூட்: முழு ஷாஃப்டையும் மாற்றச் சொன்னார்கள், நான் ரப்பரை மட்டும் மாற்றினேன்

டயர்களை முன்பின் மாற்றிப் போடத்தான் சக்கரத்தைக் கழற்றினேன். ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பாக ஒரே பிசுக்கு. பிரேக் ஆயில் கசிகிறதோ என்று முதலில் வயிற்றைக் கலக்கியது. தொட்டு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி ஓடவில்லை, பென்சில் கரியைக் குழைத்த வெண்ணெய் மாதிரி கெட்டியாக, சாம்பல் மினுமினுப்போடு ஒட்டிக்கொண்டது. சரி, பிரேக் இல்லை, கிரீஸ். ரிம்மில் மட்டும் இல்லை, பிரேக் காலிப்பரின் முதுகில், சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோயர் ஆர்மில், ஸ்பிரிங் சுருளில் என்று ஒரே நேர்கோட்டில் சாரல் அடித்த மாதிரி தெறித்திருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே உள்ளே பார்த்தால் டிரைவ் ஷாஃப்டின், அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டின், வெளிப்பக்க பூட். தண்டு வளைகிற ஜாயிண்ட்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறைதான் பூட்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்ததும் பூட்டின் மடிப்புகள் விரிந்தன. பெரிய முனையிலிருந்து இரண்டாவது மடிப்பின் பள்ளத்தில், ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. நேராக வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, மடிப்பு மூடிக்கொள்கிறது. இதனால்தான் பலர் கண்ணில் இது படுவதே இல்லை. காருக்கடியில் எட்டிப் பார்ப்பவர்கள் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பார்த்ததும் பார்க்காததும் ஒன்றுதான்.

இது என்ன சமாச்சாரம் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்சக்கர இழுவைக் காரில் அதே சக்கரம்தான் வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். பழைய சிலுவை ஜாயிண்ட்டை வளைத்துச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும், கோணம் ஏற ஏறக் கை நடுங்கும். 1920-களில் ஃபோர்டில் பொறியாளராக இருந்த ஆல்ஃப்ரெட் ஷெப்பா இதற்குக் கண்டுபிடித்த வழி ஆறு எஃகுக் குண்டுகள்: ஜாயிண்ட் எந்தக் கோணத்தில் வளைந்தாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே உட்காரும், அதனால் இந்தப் பக்கம் என்ன வேகமோ அதே வேகம் அந்தப் பக்கமும். சி.வி. என்பது இதுதான், கான்ஸ்டன்ட் வெலாசிட்டி, மாறாத வேகம். இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் சக்கரப் பக்கம் இருப்பது அதன் வாரிசுதான். 45 டிகிரியை ஒட்டி வளையும். கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது வேறு வகை, பெரும்பாலும் மூன்று உருளை வைத்த டிரைபாட், அது உள்ளே வெளியே நகரும், ஆனால் இவ்வளவு வளையாது. அதிகம் வளைகிற பக்கத்து ரப்பர்தான் முதலில் கிழியும்.

பூட்டின் வேலை இரண்டே இரண்டு. கிரீஸை வெளியே விடக்கூடாது, மண்ணை உள்ளே விடக்கூடாது. கிழிந்தால் இரண்டும் ஒன்றாக நடக்கும். கிரீஸ் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், உள்ளே போகிற மணல்தான் எமன். குண்டுக்கும் தடத்துக்கும் நடுவில் மாட்டி அரைத்துக்கொண்டே இருக்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். "சார், பூட் மட்டும் தனியா நாங்க மாத்தறதில்லை, ஷாஃப்ட் முழுசாத்தான் வரும்" என்றார்கள். ரெண்டு பக்கமும் சேர்த்தே போட்டுடுங்க என்று கூடவே ஒரு யோசனை. ஒரு பக்கத்துக்கு மட்டும் சொன்ன தொகை, நான் விசாரித்து வைத்திருந்த பூட் கிட்டின் விலையைப்போலப் பதினைந்து மடங்குக்கு மேல். ரப்பர் கிழிந்ததற்கு இரும்பையே மாற்றச் சொல்கிறார்களே என்று அன்றைக்குக் கோபம்தான் வந்தது. வேலையை முடித்த பிறகு அந்தக் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

பூட் மட்டும் போதுமா, ஷாஃப்ட்டே மாற்ற வேண்டுமா என்பதை முடிவு செய்வது பணம் இல்லை. கிழிந்து எத்தனை நாளாயிற்று என்பதுதான். ஆளில்லாத ஒரு திடலுக்குப் போய் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு வட்டமடித்தேன். இடது, வலது, பிறகு ரிவர்ஸிலும். வெளி ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் டக் டக் டக் என்று சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் புது பூட்டும் புது கிரீஸும் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, தேய்ந்த தடம் தேய்ந்ததுதான். எனக்குச் சத்தம் இல்லை. இரண்டு மாதம் முன்னால் பிரேக் பேட் மாற்றும்போது இதே இடம் காய்ந்து சுத்தமாக இருந்தது நினைவிலிருந்தது, ஆக அதிகபட்சம் இரண்டு மாதக் கிழிசல். துணிந்து இறங்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஷாஃப்டைக் கழற்றாமலே போட்டு ஒட்டுகிற பிளவு பூட் என்று ஒன்று கிடைக்கிறது. பிசின் தடவி விளிம்புகளைச் சேர்த்துவிட வேண்டும். கிரீஸ் பிசுக்குள்ள இடத்தில், நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை சுற்றி வளைகிற ரப்பரில், பிசின் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவசரத்துக்கு ஊர் போய்ச் சேர வேண்டுமானால் போடலாம்.

முந்தின நாள் ராத்திரியே வெளியே தெரிகிற எல்லா போல்ட் நட்டிலும் துருநீக்கி எண்ணெய் அடித்து வைத்தேன். காலையில் மச்சான் வந்தார், வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்றார், கடைசி வரை நின்றார்.

சக்கரத்தின் நடுவில் ஷாஃப்ட் நுனியைப் பிடித்திருக்கும் ஹப் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்க வேண்டும், தூக்கிவிட்டால் சக்கரம் சேர்ந்து சுற்றும். என் காரில் நட்டின் கழுத்தை ஷாஃப்டின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருந்தார்கள், அதைப் பழைய உளியால் முதலில் நிமிர்த்தினேன். 32 மில்லிமீட்டர் சாக்கெட், நீளமான பிரேக்கர் பார், அதற்கு மேல் ஒரு மீட்டர் இரும்புக் குழாய். கையால் அழுத்தினேன், அசையவில்லை. குழாயின் நுனியில் காலை வைத்து ஏறி நின்றேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை, அப்புறம் 'டங்' என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். "மச்சான், நட்டு கழண்டுச்சு, நீங்க இறங்குங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஒரு எச்சரிக்கை: நட் இளகிய நிலையில் காரை உருட்டவே கூடாது, பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த நட்தான்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை, முன்பக்கம் ஜாக்கி, அப்புறம் இரண்டு ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் கை நீட்டுகிறவர்கள் தயவுசெய்து இந்த வேலையைக் கம்பெனிக்கே கொடுத்துவிடுங்கள்.

ஏ.பி.எஸ். ஒயரையும் பிரேக் ஹோஸையும் அவற்றின் பிடியிலிருந்து விடுவித்தேன், சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டான நக்கிள் வெளியே ஆடும்போது இழுபட்டு அறுந்துவிடும். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராட்டின் முனையில் நட்டை எடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் நக்கிளின் காதைப் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு தட்டு, பொத்தென்று விழுந்தது. சந்தோஷம் அதோடு முடிந்தது.

லோயர் ஆர்மையும் நக்கிளையும் சேர்க்கும் லோயர் பால் ஜாயிண்ட்டைக் கவ்விப் பிடித்திருக்கும் போல்ட் அரைச் சுற்று வந்து நின்றுகொண்டது. பதினொரு வருடத் துரு. பலம் போட்டால் தலை முறியும், முறிந்தால் டிரில் போட்டுத் துளைத்து எடுக்க வேண்டும், அது வேறு கதை. எண்ணெய், கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, கம்பி பிரஷ், மறுபடி எண்ணெய். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் கதவு கீல் மாதிரி கீச்சிட்டது. முழுசாக இரண்டு மணி நேரம். லிஃப்டும் இம்பாக்ட் கன்னும், இதே போல்ட்டை நூறு தடவை எடுத்த கையும் இருக்கிற இடத்தில் இது பத்து நிமிட வேலை. சர்வீஸ் சென்டர் தொகையில் பாதி எதற்கு என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது.

போல்ட் வந்ததும் ஆர்மைக் கடப்பாரையால் கீழே அழுத்தி பால் ஜாயிண்ட்டை விடுவித்தேன். ஹப்பிலிருந்து ஷாஃப்ட் நுனியை வெளியே தள்ள, பழைய நட்டை நுனியோடு சமமாக இருக்கும்படி திருப்பி வைத்து, மேலே ஒரு மரக்கட்டையை வைத்து அடித்தேன். மரை மேல் நேராக அடித்தால் நுனி நசுங்கும், அப்புறம் நட் ஏறவே ஏறாது.

வெளி ஜாயிண்ட்டை மட்டும் அந்த இடத்திலேயே தட்டி எடுக்கலாமா என்று யோசித்தேன், அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே இழுக்கிற இழுப்பில் உள்பக்க டிரைபாட் கழன்று உருளைகள் சிதறுகிற ஆபத்து உண்டு, அதோடு எனக்கு இதை மேசையில் வைத்து நிதானமாகக் கழுவ வேண்டும். அதனால் கியர் ஆயிலை வடித்துவிட்டு, கியர்பாக்ஸுக்கும் உள் ஜாயிண்ட்டுக்கும் நடுவில் நெம்புகோலைக் கொடுத்து ஒரு நெம்பு. ஷாஃப்ட் துள்ளி வெளியே வந்தது. மீதமிருந்த ஆயில் தட்டில் கொஞ்சம், என் சட்டையில் மிச்சம்.

ஷாஃப்டை இரண்டு மரத்துண்டுக்கு நடுவில் வைஸில் பிடித்து, பழைய பூட்டைக் கத்தியால் அறுத்து எறிந்தேன். உள்ளே பார்த்ததுதான் இந்த நாளின் முக்கியமான நிமிடம். கிழிசலுக்கு நேர் கீழே கிரீஸ் பழுப்பாக இருந்தது, விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல். குண்டுகளை உள்ளே வைத்திருக்கும் வெளிக் கிண்ணத்தின் ஆழத்தில் கிரீஸ் இன்னும் சாம்பல் நிறத்தில், நெய் மாதிரி வழவழப்பாக. மணல் வாசல் வரைதான் வந்திருக்கிறது, வீட்டுக்குள் நுழையவில்லை.

பித்தளைக் கம்பியை உள் வளையத்தின் மேல், அதாவது நடுவில் நட்சத்திரம் மாதிரி இருக்கும் துண்டின் மேல் வைத்து ஓங்கி மூன்று அடி, ஜாயிண்ட் கழன்று வந்தது. குண்டுகளைப் பிடித்திருக்கும் கூட்டின் மேல் அடி படக்கூடாது. என்னுடையது, ஜாயிண்ட்டை ஷாஃப்டில் பூட்டி வைக்கும் கம்பி வளையமான சர்க்லிப் உள்ளே சுருங்கி வழிவிடும் வகை. சிலவற்றில் சர்க்லிப்பைப் பிளேயரால் விரித்தால்தான் வரும், சில கார்களில் வெளி ஜாயிண்ட் கழலவே கழலாது, டிரைபாட் பக்கமாகக் கழற்றி அந்த வழியாகத்தான் பூட்டை ஏற்ற வேண்டும். உங்கள் காரில் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் சுத்தியலைத் தூக்காதீர்கள்.

கழற்றுவதற்கு முன்னால் உள் வளையம், கூடு, கிண்ணம் மூன்றிலும் பெயிண்ட் பேனாவால் ஒரே நேரில் புள்ளி வைத்தேன். உள் வளையத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் எதிர்ப்பக்கம் ஒரு குண்டு எட்டிப் பார்க்கும், அதை நெம்பி எடுக்க வேண்டும். அப்படியே ஆறும். எந்தத் தடத்தில் இருந்ததோ அதே தடத்துக்குத் திரும்பப் போக வேண்டும் என்பதற்காக முட்டை அட்டையில் எண் போட்டு வரிசையாக வைத்தேன். அப்புறம் மண்ணெண்ணெய்க் குளியல், பழைய பல்துலக்கி, மறுபடி மண்ணெண்ணெய், கடைசியில் பிரேக் கிளீனர் அடித்துக் காயவிட்டேன்.

வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தடங்களில் குண்டு ஓடிய பட்டை கண்ணாடி மாதிரி மின்னியது, அது இயல்பு. நகத்தால் குறுக்கே கீறிப் பார்க்க வேண்டும். நகம் எங்காவது தட்டினால், அம்மை வடு மாதிரி குழி தெரிந்தால், அந்த ஜாயிண்ட்டை அப்படியே மறந்துவிடலாம். எதிலும் தட்டவில்லை. ஒரு குண்டில் மட்டும் மெல்லிய மங்கல் கோடு, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் யோசித்தேன், நகத்துக்கு ஒன்றும் தட்டுப்படாததால் அதையே போட்டேன்.

திரும்ப மாட்டும்போதுதான் என் திருவிளையாடல். கூட்டையும் குண்டுகளையும் அடையாளப் புள்ளி பார்த்து உட்கார வைத்தாயிற்று, பூட் கிழியாமலிருக்க ஷாஃப்டின் பற்கள் மேல் டேப் சுற்றி அதன் மேல் புது பூட்டை ஏற்றியாயிற்று, டேப்பை எடுத்தாயிற்று, புது சர்க்லிப் போட்டு ஜாயிண்ட்டைத் தட்டி 'டக்' என்று உட்கார வைத்தாயிற்று. நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பூட்டின் சின்ன முனையை ஷாஃப்டோடு இறுக்கும் சின்னக் கிளாம்ப் மேசையில் இருக்கிறது. மூடிய வளையம். ஷாஃப்டின் ஒரு பக்கம் டிரைபாட், மறுபக்கம் இப்போது ஜாயிண்ட். எந்த வழியாகவும் ஏறாது. மச்சான் ஒன்றும் பேசவில்லை, பித்தளைக் கம்பியை எடுத்து என் கையில் கொடுத்தார். மறுபடி மூன்று அடி, சர்க்லிப் வளைந்து போயிற்று, கிட்டில் ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள், இன்னொன்று வாங்கப் போய் வந்ததில் ஒரு மணி நேரம் காலி.

கிரீஸ் கிட்டோடு ஒரு பையில் வந்தது. கையில் கிடைக்கிற சாதா கிரீஸைப் போட வேண்டாம், வெளி ஜாயிண்ட்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த சி.வி. கிரீஸ்தான் வேண்டும். டிரைபாட்டுக்கு வேறு கிரீஸ் கொடுத்திருந்தால் இரண்டையும் கலக்கவும் கூடாது. ஜாயிண்ட்டை மாட்டுவதற்கு முன்பே நடுத்துளையில் பையின் மூக்கை வைத்து அழுத்தினேன், குண்டுகளின் இடுக்கு வழியாகப் பொங்கி வரும் வரை. மீதியை பூட்டுக்குள். பூட்டின் இரண்டு உதடுகளும் தத்தம் பள்ளத்தில் உட்கார்ந்ததும் பெரிய கிளாம்ப்பை இறுக்கினேன், சின்னதை இறுக்கும் முன் மொண்ணையான ஸ்க்ரூ டிரைவரை ரப்பருக்கடியில் மெதுவாக நுழைத்துத் தூக்கினேன், 'புஸ்' என்று காற்று போயிற்று. இதைச் செய்யாவிட்டால் பூட் பலூன் மாதிரி உப்பிக்கொண்டோ உள்ளே சப்பிக்கொண்டோ நிற்கும், சப்பிய மடிப்பு சீக்கிரம் கிழியும். கிளாம்ப்பின் காதை நெருக்க அதற்கென்றே இருக்கும் இடுக்கி வாங்கியிருந்தேன். கட்டிங் பிளேயரால் முயன்றால் காதே வெட்டுப்பட்டுவிடும்.

மற்றதெல்லாம் வந்த வழியே திரும்பிப் போவதுதான். கியர்பாக்ஸ் ஆயில் சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, ஷாஃப்டின் பற்கள் அதைக் கீறாமல் நேராக நுழைத்துத் தள்ளினேன். பிடித்ததா என்று பார்க்க உள் ஜாயிண்ட்டின் வெளி உடலை இழுத்துப் பார்க்க வேண்டும், ஷாஃப்டை இழுத்தால் டிரைபாட்தான் கழலும். கவ்வும் போல்ட் புதிது, ஹப் நட் புதிது. மச்சான் பிரேக்கை மிதித்துக்கொள்ள, காரைத் தரையில் இறக்கும் முன்பே டார்க் ரெஞ்ச்சில் கையேடு சொன்ன அளவுக்கு இறுக்கி, கழுத்தைப் பள்ளத்துக்குள் அடித்து மடக்கினேன். இந்த அளவு காருக்குக் கார் மாறும், 200 நியூட்டன் மீட்டருக்கு மேலும் போகும், குத்துமதிப்பாக இறுக்குகிற நட் இது இல்லை. டை ராட்டின் நீளத்தையோ ஸ்ட்ரட் போல்ட்டுகளையோ தொடாததால் அலைன்மெண்ட் வேலை வரவில்லை. கியர் ஆயில் புதிதாக ஊற்றினேன்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது, முடியும்போது மாலை ஐந்தரை. அதே திடலில் அதே வட்டம், சத்தம் இல்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தேன், பூட்டைச் சுற்றி ஒரு சொட்டுப் பிசுக்கு இல்லை.

இப்போது அந்தக் கோபம் ஏன் குறைந்தது என்று சொல்ல வேண்டும். பூட் மட்டும் மாற்றுவதற்கும் ஷாஃப்டை மாற்றுவதற்கும் கழற்றுகிற வேலை ஒன்றேதான். பூட் மாற்றினால் அதற்கு மேல் கழுவுவது, பார்ப்பது, கிரீஸ் அடைப்பது என்று இரண்டு மணி நேரம் கூடுதல். அதற்கும் கூலி போட்டால் பூட்டின் மலிவு காணாமல் போய்விடும். அதோடு, கிழிந்து எத்தனை நாள் ஓடியது என்று தெரியாத ஜாயிண்ட்டுக்கு அவர்கள் உத்தரவாதம் தர வேண்டும், மூன்று மாதத்தில் அது டக் டக் என்றால் கத்தப்போவது நாம்தான். அவர்கள் நிலையில் நானும் ஷாஃப்டைத்தான் மாற்றச் சொல்வேன். ரெண்டு பக்கமும் மாற்றுங்கள் என்றது மட்டும் இன்னும் உறுத்துகிறது, அந்தப் பக்கத்தை அவர்கள் பார்க்கவே இல்லை.

பணக் கணக்கு: கிட், கியர் ஆயில், புது நட், போல்ட், இதற்காகவே வாங்கிய பெரிய சாக்கெட், கிளாம்ப் இடுக்கி எல்லாம் சேர்த்து அவர்கள் சொன்னதில் கால் பங்கைத் தாண்டவில்லை. என் ஒரு நாள் கூலியைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் கணக்கு அவ்வளவு அழகாக இருக்காது. வேற்றுத் தயாரிப்பு ஷாஃப்ட் ஒன்றை வாங்கி நாமே மாட்டுவது நடுவழி, நேரம் மிச்சம். ஆனால் மலிவு ஷாஃப்ட் போட்ட பிறகு வேகத்தில் அதிர்வு வந்து அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காரோடு வந்த எஃகு நன்றாக இருக்கும்போது அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஜாயிண்ட் சத்தம் போட ஆரம்பித்திருந்தாலோ, கார் உத்தரவாதக் காலத்தில் இருந்தாலோ, போல்ட்டுகள் துருவில் உருத்தெரியாமல் போயிருந்தாலோ இந்தப் பேச்சே வேண்டாம், கொடுத்துவிடலாம்.

இரண்டு வாரம் கழித்து மறுபக்கத்தையும் ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தேன். கிழியவில்லை, ஆனால் அதே இரண்டாவது மடிப்பின் பள்ளத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் வரிசையாக. இன்னொரு கிட் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், கூடவே உபரியாக ஒரு சர்க்லிப். டப்பாவின் மேல் மச்சான் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: முதலில் சின்னக் கிளாம்ப்.